ஜூட் அண்ணையின் புது றீல்

புதன், இரவு

சொல்லியிருக்கலாம்தான். ஏன் சொல்லவேண்டும்? போன கிழமை இறங்குதுறையில் எல்லாருக்கும் முன்னால் என் பழைய தூண்டில் றீலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தவர் ஜூட் அண்ணை.

"பள்ளிக்கூடத்தையே முடிக்காதவன், உதாலை அறக்குளா மீன் பிடிக்கப் போறானாம்!"

இருந்த காசில் நான் தூண்டிலுக்கு நல்ல தங்கூசி நைலோன் நூல் வாங்கினேன். அவர் எல்லாக் காசையும் புது றீலிலேயே கொட்டிவிட்டு, கடைக் கண்ணாடிக்குள் வெயிலில் காய்ந்து கிடந்த மலிவு நூலைச் சுற்றியிருக்கிறார்.

இன்று அவரே வந்து கேட்டார். "டேய், ஓடுற படகிலை இருந்து மீன் இழுக்க இந்த நூல் தாங்குமோ?"

விரலால் தடவினேன். சொரசொரப்பு. பெரிய மீன் ஒன்று இழுத்தால் போதும், அறுந்துவிடும்.

"ஓம் அண்ணை, சுறாவையே தாங்கும்."

இன்றிரவு அவரோடு படகில் போகிறேன், என் றீலைக் கொண்டுபோகவில்லை. அறுகிற நேரம் அவர் முகத்தை வடிவாகப் பார்க்கவேண்டும். வாசலில் கூப்பிடுகிறார். போகவேண்டும்.