அத்தான் போட்ட ஒரே சட்டம்

பரலோகத்திலும் இந்நேரம் தேர்தலுக்கு நின்றிருக்கும் என் அன்புப் போதகர் அத்தானுக்கு,

அங்கே பிரசங்கம் தொடங்கிவிட்டீர்களா? தொடங்கியிருந்தால் தேவதூதரில் பாதிப்பேர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பினம்.

அகதி விடுதிக் குசினியில் மா குழைத்தபடி நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "அமெரிக்கா தொடங்கின காலத்தில ஒரு போதகர் அங்கியைக் கழட்டி வைச்சிட்டுச் சட்டசபைக்குப் போனவர், தெரியுமோ?"

"முதல்ல ரொட்டியைத் திருப்புங்கோ அத்தான், கருகுது" என்றேன்.

ரொட்டி கருகியது. நீங்களோ நகரசபையின் வெளிநாட்டவர் குழுவுக்கு நின்று வென்றே விட்டீர்கள். அன்றைக்கு ஜெர்மனி முழுக்கக் கிடுகிடுத்தது. நான் சாட்சி.

அகதி ஒருவர் தன் மாவட்ட எல்லை தாண்ட அனுமதி வேணும். அடுத்த மாவட்டத்தில் கூடப்பிறந்தவன் செத்தாலும் வேணும். அதை மாற்றத்தான் ஒரு குளிர்காலம் முழுக்கக் கத்தினீர்கள். அந்தச் சத்தத்தில் ரைன் ஆறே திரும்பி ஓடியது. கடைசியில் விதி வந்தது: இறப்புச் சான்றிதழைக் காட்டினால் செத்தவீட்டுக்குப் போகலாம். உங்களைத் தோளில் தூக்கி விடுதியைச் சுற்றி வந்தோம்.

"சான்றிதழ் பிந்தினால்?" என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

"டேய் மச்சான், இது ஜெர்மனி. இங்க ஒண்டும் பிந்தாது."

பிந்தியது, அத்தான். உங்களுடையதுதான் பிந்தியது.

வைத்தியத்துக்கென்று எல்லை தாண்டிக் குடும்பத்தோடு ஹம்பேர்க் போன நீங்கள் அங்கே ஆஸ்பத்திரியில் கண்மூடிய செய்தியை அக்கா தொலைபேசியில் அழுதழுது சொன்னா. கேட்ட கையோடு அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி கோபப்படக்கூட இல்லை. "சான்றிதழ் எங்கே? உங்கள் போதகர் கேட்டு வாங்கிய விதிதானே?" என்றார். அவர் கத்தியிருந்தாலாவது நானும் கத்தியிருப்பேன்.

தபாலில் அது வந்தபோது உங்களை அடக்கம் பண்ணி முடிந்திருந்தது. பெட்டிக்குத் தோள் கொடுக்க வேண்டியவன் நான். முன்பின் தெரியாத கறுப்புக் கோட்டுக்காரர் சம்பளத்துக்குத் தூக்கினார்களாம்.

"மாமா ஏன் வரேல்லை?" என்று உங்கள் சின்னவள் கேட்டாளாம். என்ன சொல்ல? உன் அப்பாவின் சட்டம் விடவில்லை என்றா?

குழுவில் காலியான உங்கள் நாற்காலிக்கு இந்தத் தேர்தலில் நான் நிற்கிறேன். எனக்குப் பிரசங்கம் ஏலாது, புளுகு மட்டும்தான் வரும். அது போதும் என்று நினைக்கிறேன். சான்றிதழ் என்ற சொல்லை அந்த விதியிலிருந்து வெட்டும்வரை அங்கேயிருந்து எழும்பமாட்டேன். இது மட்டும் புளுகில்லை.

இப்படிக்கு,
உங்களை வெற்றிக்குத் தூக்கி, பெட்டியில் தூக்காத மச்சான்