நீ சொன்ன சீசா

அக்கா,

இன்று காலை எங்கள் சோதனை அறை மேசைக்குப் புது வினைல் விரிப்பு வந்தது. சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில்தான் இப்போது எனக்கு வேலை. சுருளைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை அறை முழுக்கப் பரவியது. கூட வேலை செய்யும் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த வாசனைதான் கெடுதலாம் மேடம்" என்றாள். நீ இருந்திருந்தால் அவளை விட்டிருக்க மாட்டாய். "வாசனை வேற, அது வேற. நம்ம ஆளுக்கு வாசனையே கெடையாது. அதான் வம்பு" என்று பிடித்துக்கொண்டிருப்பாய்.

அந்த ரசாயனத்துக்கு நீ வைத்த பெயர் நம்ம ஆளு. விறைப்பான பிளாஸ்டிக்கை மெத்தென்று வளைய வைக்கச் சேர்ப்பது. சூடோ எண்ணெயோ பட்டால் கழன்று வந்துவிடும். உடம்புக்குள் போனால் மூளை செல்லையும் விந்து செல்லையும் அது என்ன செய்கிறது என்பதுதான் திருப்பதியில் உன் ஆராய்ச்சி. நான் எலிகள் வளர்க்கும் அறையில் தற்காலிக வேலைக்கு இருந்தேன். நான் தமிழ் பேசும் நகரிக்காரி என்று தெரிந்த அன்றே நீ தெலுங்கை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டாய். மேடம் என்றவளை அக்கா என்று கூப்பிட வைத்ததும் நீதான்.

அது அப்படி என்னதான் செய்யும் என்று ஒருநாள் கேட்டேன்.

"எண்ணெய் காறிப் போவுதில்ல? அதேதான். செல்லைச் சுத்திக் கொழுப்பு இருக்குது. இவன் உள்ள பூந்து அதைக் காற வெக்கறான். மூளையில கொழுப்பும் ஜாஸ்தி, ஆக்சிஜனும் ஜாஸ்தி துன்னும். விந்தணுவுக்குத் தன்னைக் காப்பாத்திக்கிற சரக்கே கம்மி. அதான் ரெண்டும் மாட்டிக்கினு முழிக்குது."

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தது எனக்கு அன்றுதான் புரிந்தது.

பாதி எலிகளுக்கு ரசாயனம் கலந்த சோள எண்ணெய், மீதிக்கு வெறும் எண்ணெய். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆராய்ச்சியே. சித்தூரில் உங்கள் சர்ச் சபைக் கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், "வெறும் எண்ணெயை சீசாவுல ஊத்தி வை" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாய். நான் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். தினமும் அதிலிருந்து கொஞ்சம் பீக்கரில் எடுத்து உன்னிடம் தருவேன். பாட்டிலை நீ பார்க்கவே இல்லை.

சில மாதம் கழித்துச் சோதனைக் குழாய்களைக் கொதிநீரில் வைத்தாய். திசுவில் கொழுப்பு எவ்வளவு காறியிருக்கிறதோ அவ்வளவு ரோஸ் நிறம் வரும். வெறும் எண்ணெய் குடித்த எலிகளின் குழாய்களிலும் ரோஸ் ஏறியிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "எண்ணெய் எதுல இருந்துச்சி?" என்றாய். நான் பாட்டிலை எடுத்து வந்தேன். எண்ணெயைச் சோதித்ததில் நம்ம ஆளு அதிலும் இருந்தான்.

உன் கைடுக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. "ஆ வேல்யூஸ் வதிலேயம்மா" என்றார், அந்த எண்களை மட்டும் விட்டுத் தள்ளு என்று. அந்த வருஷமே ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் சித்தூர் கல்லூரியில் உனக்கு வேலை. அங்கே தனியாக இருந்த உன் அப்பா, நைனாவோடு போய் இருக்கலாம். அது கைடுக்கும் தெரியும். "வெறும் எண்ணெய்னு எழுத முடியாது சார். அது வெறும் எண்ணெயே இல்ல" என்றாய். முதலிலிருந்து ஆரம்பித்தாய். அந்த வேலைக்கு வேறொருவர் வந்தார். நைனா தனியாகவே இருந்தார்.

பாட்டிலை மாற்றியது யார் என்று கைடு கேட்டபோது என் வேலை போயிற்று என்று நினைத்தேன். நீ முந்திக்கொண்டாய். சீசா என்று நீதான் சொன்னாயாம். உங்கள் வீட்டில் சீசா என்றால் கண்ணாடி, நகரிப் பக்கம் எந்தப் பாட்டிலும் சீசாதானாம். கேட்காமல் சொன்ன தப்பு உன்னுடையதாம். தெலுங்கிலும் எல்லாம் சீசாதானே என்று அவர் சிரித்துவிட்டார். நான் தலையாட்டினேன்.

போன வருஷம் திருப்பதி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது, கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் குழாயை விரலால் அழுத்திக் காட்டினாய். "பாத்தியா, எவ்ளோ மெத்துனு இருக்குது. எல்லாம் நம்ம ஆளு வேலை. இப்ப நானும் மருந்து குடுத்த எலிதான்." சிரித்தோம். பிறகு நீயாகவே சொன்னாய்: "நகரிப் பொண்ணுக்கு சீசான்னா என்னான்னு கேட்டுக்கினு சொல்லியிருக்கணும்டீ நானு." அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். "கஞ்சி குடிக்கிறியாக்கா?" என்று கேட்டேன். அடுத்த வாரம் நீ இல்லை.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று நீ எண்ணெய் ஊற்றச் சொன்ன கண்ணாடிப் பாட்டிலை நான் கழுவும்போது கைதவறிப் போட்டு உடைத்தேன். திட்டு விழும் என்று துண்டுகளைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கையில் கிடைத்த பிளாஸ்டிக் பாட்டிலில் எண்ணெயை ஊற்றினேன். நீ எனக்காகக் கண்டுபிடித்த காரணத்தை இத்தனை வருஷமாக நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

நகரியிலும் சீசா என்றால் கண்ணாடிதான், அக்கா.