கம்பி இல்லாத பக்கம்

பிப்ரவரி 9

பள்ளிச் சீருடைகள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் மடிப்பைப் பிரித்து நீளம் விட வேண்டும். பிள்ளைகள் இப்படியா வளரும்! என் மரங்களும் அப்படித்தான். நகராட்சி நர்சரியில் இலவசமாகக் கொடுத்த வாகைக் கன்றுகள், நடும்போது என் இடுப்பு உயரம். இரண்டு மழை பார்த்ததும் எங்கள் வாசலில் நிற்பது மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கிறது.

ஒரு பொட்டு நிழல் இல்லாத தெரு இது. வீட்டுக்காரர் சம்மதித்து, தண்ணீர் ஊற்றுவதாகச் சொன்னால் கன்று தருவார்கள். மகள் வீட்டோடு வந்து தங்கிய நான், எங்கள் வரிசையில் எல்லாரையும் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தேன். எதிர் வரிசையில் ஒருத்தரும் மசியவில்லை. இலை குப்பையாம். காக்கை எச்சமாம். போகட்டும், வெயிலில் வேகட்டும்.

பிப்ரவரி 13

தைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். இடுப்பு வலி.

பிப்ரவரி 14

சாப்பிடும்போது மாப்பிள்ளை மெதுவாக ஆரம்பித்தார். "அத்தை, மழைக்கு முன்னாடி கிளை வெட்டுற வேலை ஆரம்பிக்குது. அடுத்த மாசக் கடைசியில நம்ம தெரு."

அவருக்கு மின்சார லைனில் வேலை. கம்பியில் உரசும் மரங்களை வெட்டுவதும் அதில் சேர்த்தி. தெரியும். ஆனால் என் மரத்தை, என் வீட்டு ஆளே?

"வெட்டித்தான் பாருங்களேன் மாப்பிள்ளை. நான் மரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன்."

"நாற்காலியோட தூக்கி ஓரமா வச்சிருவோம் அத்தை" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16

அவரோடு பேச்சு இல்லை.

"காபி ஆறுதுன்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு."

"குடிச்சாச்சுன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு."

நடுவில் மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். "நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் குடுங்க."

பிப்ரவரி 18

காலையில் மாப்பிள்ளை வாசலில் நின்று கூப்பிட்டார். "அத்தை, கோபம் அப்புறம். ஒரு நிமிஷம் வந்து மேல பாருங்க."

பார்த்தேன். எங்கள் வரிசை முழுக்க, ஒவ்வொரு மரத்தின் தலைக்கும் நேர் மேலே மின்கம்பி. குழி தோண்டும்போது குழாய் போகிறதா, சாக்கடை போகிறதா என்று தரையைத்தான் பார்த்தேன். ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்தேனா? ஊசியில நூல் கோக்கிற கண்ணுக்கு இவ்வளவு பெரிய கம்பி தெரியாமப் போச்சே!

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் மனதை அறுக்கிறது. போன மழையில் அவரோடு வேலை பார்த்தவர் கரண்ட் அடித்து இறந்தது எங்களுக்குத் தெரியும். கம்பியில் விழுந்து கிடந்த ஈரக் கிளையில் கை வைத்துவிட்டாராம். "ஏணியைப் புடிச்சுக்கிட்டு நின்னது நான்தான் அத்தை. என் மேலதான் விழுந்தான்." இது மகளுக்கே தெரியாது. இந்த மனுஷனிடமா நான் நாற்காலிக் கதை பேசினேன்?

பிப்ரவரி 19

முடிவு செய்துவிட்டேன். மரங்களை வெட்ட விடமாட்டேன். கம்பிக்குக் கீழேயும் விட்டு வைக்கமாட்டேன். வேரோடு எடுத்து எதிர் வரிசையில் நடப்போகிறேன். அங்கே கம்பி கிடையாது. பிடிவாதக்காரர்கள்தான் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "பிழைக்குமா அத்தை?" என்றார். பிழைக்க வைப்பேன்.

பிப்ரவரி 25

எதிர் வரிசையில் பளபளா சரி என்றால் மற்றவர்களும் சரி என்பார்கள். தினமும் காரைத் துடைத்துத் துடைத்தே அவருக்கு அந்தப் பெயர் வந்தது.

"மரம் பிசின் வடிக்கும். பறவை அசிங்கம் பண்ணும். என் காருக்கு யாரும்மா பதில் சொல்றது?" கதவைச் சாத்திவிட்டார்.

நாளைக்கும் போவேன்.

பிப்ரவரி 27

நேற்றும் போனேன். இன்றும் போனேன். முடியாது என்றார்.

மார்ச் 3

சீருடைகளைக் கொடுக்க அடுத்த தெருவுக்குப் போனேன். மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயில். அங்கே இருக்கும் ஒரே பெரிய மரத்தடியில் ஒரு கார் பளபளவென்று நின்றது. உள்ளே சீட்டைச் சாய்த்துப் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் நம் ஆள்! கண்ணாடியைத் தட்டினேன். திருதிருவென்று விழித்தார்.

"வீட்டு வாசல்ல நிறுத்தினா சீட்டு அடுப்பாச் சுடுதும்மா."

"ஏங்க, இந்த மரத்துப் பறவையெல்லாம் சுத்தமா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவமாகவும் இருந்தது. "உங்க காருக்கு உறை நானே தைச்சுத் தர்றேன். மரமும் இலவசம், உறையும் இலவசம்" என்றேன்.

சாய்த்த சீட்டை நிமிர்த்தினார். "சைடு கண்ணாடிக்குக் காது வச்சுத் தைப்பீங்களா?"

தைக்கிறேன் சாமி, தைக்கிறேன்.

மார்ச் 11

ஞாயிற்றுக்கிழமை. தெருவே மண்வெட்டியோடு இறங்கியது. இலைகளைக் கழித்து, தாய்மண் உதிராமல் வேரைச் சுற்றித் தோண்டி, நனைத்த சாக்கில் பொதிந்து, நாலைந்து பேராகத் தூக்கி எதிர்ப்பக்கம் இறக்கினோம். சாக்கின் வாயை எல்லாம் நான்தான் கோணி ஊசியால் தைத்தேன். மாப்பிள்ளைக்கு உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

எங்கள் வாசல் மரம் மட்டும் வரவில்லை. வேர் தண்ணீர்க் குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது. இழுத்தால் குழாயும் சேர்ந்து வரும். அதன் நுனியோ கம்பியைத் தொடப் போகிறது; கிளையை மட்டும் கழித்தாலும் மறுபடி அங்கேதான் வளரும். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்று அதை எழுத மனமில்லை.

மார்ச் 20

மிச்சமிருந்த இலையும் கொட்டிப்போய் எல்லாம் குச்சி குச்சியாக நிற்கின்றன. "செத்துப்போச்சும்மா" என்று துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நின்றார் பளபளா. நகத்தால் பட்டையைச் சுரண்டிக் காட்டினேன். உள்ளே பச்சை.

"உசிரு இருக்கு. தண்ணி ஊத்துங்க." வாளியை எடுக்க ஓடினார்.

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அதை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

மார்ச் 29

லைன் ஆட்கள் வந்தார்கள். "வேற யாரும் வேணாம். நீங்களே வெட்டுங்க மாப்பிள்ளை" என்றேன். லைனை நிறுத்தி, ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு ஏறினார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். ஒருமுறை குனிந்து என்னைப் பார்த்தார்.

மரம் சாய்ந்தபோது நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதேன். அழுதால் என்ன?

ஏப்ரல் 8

துளிர்! கடைசி வீட்டு மரத்தில். சாயங்காலம் பளபளா வீட்டு மரத்திலும். ஓடி வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டிச் சொன்னார்.

எங்கள் வாசலில் மாப்பிள்ளை ஒரு மந்தாரை கொண்டுவந்து நட்டிருக்கிறார். கம்பி உயரத்துக்குப் போகாத மரமாம். நர்சரியில் நின்று விசாரித்து வாங்கினாராம்.

ஜூன் 21

பேய்க் காற்று, மழை. மத்தியானம் போன மாப்பிள்ளையிடமிருந்து தகவலே இல்லை. மகள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மெஷினில் கால் ஓடவில்லை. முன்பெல்லாம் காற்றடித்தால் மரம் தாங்குமா என்று ஜன்னலுக்கு ஓடுவேன். இன்று அந்த நினைப்பே வரவில்லை. இந்தப் பிள்ளை முழுசாக வீடு வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சொட்டச் சொட்ட வந்தார். "ஊர் முழுக்கப் புகார் அத்தை. நம்ம தெருவுக்கு மட்டும் யாரும் கூப்பிடலை."

துண்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 12

மரம் மாற்றி நட்டதில் இரண்டு போய்விட்டன. மற்றதெல்லாம் பிழைத்தன. போன இரண்டுக்கும் சேர்த்து நர்சரி வண்டியில் கன்றுகள் வந்தன. மிச்சத்தோடு அடுத்த தெருவுக்குப் போனோம், நானும் மாப்பிள்ளையும். நான் கதவைத் தட்டுவதற்குள் அவர் அண்ணாந்து பார்த்துவிடுகிறார். கம்பி போகும் பக்கம் மந்தாரை, கம்பி இல்லாத பக்கம் வாகை.

ஒரு வீட்டு அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க மரம் வெட்ட வர்ற ஆளுதானே?"

எனக்குச் சுருக்கென்றது.

"ஆமாங்க" என்றார் மாப்பிள்ளை. "அதான், நான் வெட்ட வேண்டாத மரமாப் பார்த்துக் கொண்டுவந்திருக்கேன்."

அந்த அம்மாள் இரண்டு கேட்டார். வாசலுக்கு ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கொடுத்துவிட்டோம்.