மூலையைத் தேடும் மெஷின்

ஜூன் 3

குட்டியின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனி எழுதிக்கொள்வோம் என்று வேலைக்குக் கிளம்பிப் போகும்போது நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் விட்டுப்போன, பெயர் பொறிக்கும் பழைய லேசர் மெஷின் இன்னும் ஓடுகிறது. கடை மேசைமேல் உட்கார்ந்தபடியே எனக்கும் குட்டிக்கும் சோறு போடுகிறது. ஆனால் பலகை, அட்டை என்று தட்டையானதில்தான் எழுதும். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலில் பெயரும் பள்ளிச் சின்னமும் போட்டுத் தரக் கேட்கிறார்கள். பாட்டிலைச் சுற்றிவிட ஒரு ரோலர் வாங்கினேன். இரண்டு ரப்பர் உருளை, ஒரு மோட்டார், அவ்வளவுதான். அதற்கென்று மெஷினில் தனி இணைப்பு இல்லை. லேசர் தலையை முன்னும் பின்னும் நகர்த்தும் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, அந்த இடத்தில் ரோலரை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் பாட்டில் சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்பேனா என்கிறது. "அம்மா, அதுக்குப் பேய் பிடிச்சிருச்சு!" என்று குட்டி நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டாள்.

செட்டிங்கை மாற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. நீங்கள் போட்டது. எழுதி அனுப்புங்கள்.

குட்டியின் அம்மா


ஜூன் 14

அன்புள்ள முதலாளியம்மாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும், யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப் பிரித்தால், மெஷினுக்குத்தான் உடம்பு சரியில்லை!

பேயுமில்லை, பிசாசுமில்லை. சுவிட்சைப் போட்டதும் அது முதலில் தன் மூலையைத் தேடிப் போகும். அங்கே இருக்கும் சின்னப் பொத்தானில் தலை இடித்தால்தான் நிற்கும். ரோலருக்கு ஏது மூலை? அது பாட்டுக்குச் சுற்றும். செட்டிங்கில் போய் அந்தத் தேடலை நிறுத்த வேண்டும். மோட்டார் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நகர்த்துகிறது என்கிற அளவையும் அங்கேதான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வட்டம் முட்டையாகிவிடும். அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் தட்டை எடுத்துவிடு, பாட்டில் நுழைய உயரம் கிடைக்கும்.

குட்டிக்கு முன்பல் முளைத்துவிட்டதா? நீ சாப்பிடுகிறாயா, அல்லது மெஷின் முன்னால் உட்கார்ந்து பிஸ்கட்டா? இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்துக் குழாய்கள் தெரிகின்றன. எல்லாம் விவரமாக எழுது. பாஸ்வேர்டு பற்றி அடுத்த கடிதத்தில்.

குட்டியின் அப்பா


ஜூன் 25

குட்டியின் அப்பாவுக்கு,

பல் முளைத்துவிட்டது. தட்டை எடுத்துவிட்டேன். மூலைப் பொத்தானை விரலால் அழுத்திப் பார்த்தேன், ரோலர் நின்றுவிட்டது. வந்து சேர்ந்துவிட்டோம் என்று அது நம்பிவிட்டது, பாவம். தினமும் அழுத்திக்கொள்கிறேன், அதில் எனக்குக் கஷ்டமில்லை.

ஆனால் நீங்கள் சொன்னபடியே வட்டம் முட்டையாகிவிட்டது. மாதிரி பாட்டிலைப் பார்த்துத் தலைமையாசிரியை, "ஏம்மா, இது எங்க சின்னமா, ஆம்லெட்டா?" என்று கேட்டார். அடுத்த மாத முடிவுக்குள் சரியாகப் போட்டுக் காட்டாவிட்டால் வேறு கடைக்குக் கொடுத்துவிடுவார். இந்த ஆர்டர் போனால் கடையைக் காலி செய்துவிட்டு அண்ணன் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். அண்ணி ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாத முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியாது.

ஒரே ஒரு வார்த்தை எழுத எதற்கு அடுத்த கடிதம்? உடனே அனுப்புங்கள்.

குட்டியின் அம்மா


ஜூலை 6

அன்புள்ள உனக்கு,

கோபித்துக்கொள்ளாதே. அந்த செட்டிங்கில் ஒரு எண் தப்பினால் மெஷின் காலி. கடிதத்தில் சொல்லிக்கொடுக்கிற காரியமா அது? லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் நானே வந்து போட்டுத் தருகிறேன்.

ஒன்று சொல்லட்டுமா? எதற்கு இந்த அல்லாட்டம்? கடையைக் கட்டிவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். அறை சின்னதுதான், பார்த்துக்கொள்ளலாம். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. உன் கடிதம் வரும் நாளில்தான் இரண்டு வாய் சோறு இறங்குகிறது. மெஷினைப் பற்றியானாலும் சரி, எழுது.

குட்டியின் அப்பா


ஜூலை 19

குட்டியின் அப்பாவுக்கு,

லீவு போட வேண்டாம். வேலை முடிந்துவிட்டது.

செட்டிங்கைத் தொடவேயில்லை. மாதிரி பாட்டிலில் வட்டம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து, கம்ப்யூட்டரில் படத்தை அந்த அளவுக்கு மேலும் கீழும் இழுத்தேன். இப்போது திரையில் முட்டை, பாட்டிலில் வட்டம். மூன்று பாட்டில் வீணானது. தலைமையாசிரியை பாட்டிலைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார். "இதையே முதல்ல காட்டியிருக்கலாமே" என்றார். அடுத்த வருடத்துக்கும் சேர்த்து எனக்கே கொடுத்திருக்கிறார். நானும் குட்டியும் இங்கேயே இருக்கிறோம்.

பாஸ்வேர்டு இனி வேண்டாம்.

குட்டியின் அம்மா


ஜூலை 30

அன்புள்ள உனக்கு,

கெட்டிக்காரி. எனக்கே தோன்றாத வழி.

இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அந்தப் பாஸ்வேர்டு எனக்கு ஞாபகமில்லை. முதல் கடிதம் வந்த அன்றே யோசித்து யோசித்துப் பார்த்தேன், சுத்தமாக மறந்துவிட்டது. மறந்துவிட்டது என்று எழுதினால் அத்தோடு நீ எழுதுவதை நிறுத்திவிடுவாயோ என்று பயம். வேறொன்றுமில்லை. சிரித்துவிடு.

பதில் போடு.

குட்டியின் அப்பா


ஆகஸ்ட் 12

குட்டியின் அப்பாவுக்கு,

சிரிப்பு வரவில்லை.

மறந்துவிட்டது என்று அன்றே எழுதியிருந்தால், உங்கள் லட்சணம் தெரிந்ததுதானே என்று திட்டி நாலு பக்கம் எழுதியிருப்பேன். அப்படியே எழுதிக்கொண்டும் இருந்திருப்பேன். எனக்கும் எழுத ஆள் யாரிருக்கிறார்கள்? ஆனால், கடை போய்விடும் என்று எழுதிய பிறகும், கையில் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டி என்னைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தீர்கள். கடை போனால் போகட்டும், இங்கே வந்து சேருவாள் என்று காத்திருந்தீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் எழுதுவது இதுதான் கடைசி. இனி குட்டி எழுதுவாள். அவளுக்குக் கேள்விகள் ஏராளம். தெரிந்தால் தெரியும் என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள்.

குட்டியின் அம்மா