நாற்பத்து நான்கு குப்பிகள்

ஜனவரி 12

கப்பல் கிடைத்துவிட்டது. பதினோரு நாள், பதினான்கு படுக்கை. ஆறு வருடம் விண்ணப்பம் எழுதித் தேய்ந்த பிறகு இப்போதுதான் கப்பல் ஒதுக்கும் குழு இரங்கியிருக்கிறது. ஆற்றுமுகத்துக்கு வெளியே, கரையோரக் கடலில் பன்னிரண்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து, அதில் கரைந்திருக்கும் மீத்தேனை அளக்க வேண்டும். பதினேழு வருடத்துக்கு முன் நான் அளந்த அதே பன்னிரண்டு இடங்கள்.

இயக்குநர் கைகொடுத்தார். "விடாப்பிடியா இருந்து சாதிச்சிட்டீங்க சார்." ஒரு காலத்தில் என் அட்டவணைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர். இப்போது தன் அறையில் எனக்கு நாற்காலியைக் காட்டுகிறார்.

மனைவியிடம் சொன்னேன். "எத்தனை நாள்?" என்றாள். எந்தக் கடல் என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

ஜனவரி 15

படுக்கைச் சண்டை ஆரம்பம். கடலடிச் சேற்றை ஆராய்கிறவர்களுக்கு நான்கு படுக்கை வேண்டுமாம். எங்களுக்கே மூன்றுதான். அவர்கள் தலைவர் கூட்டத்தில் வைத்துச் சொன்னார்: "வாயு எங்க சேத்துலேர்ந்துதானே சார் வருது? நீங்க மேல நின்னு மோந்து பாக்கறீங்க, அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டேன். இதையும் மறக்க மாட்டேன்.

ஜனவரி 21

பயணத் திட்டத்துக்கு முன்னுரை எழுத உட்கார்ந்தேன். பழைய கதை இல்லாமல் முன்னுரை இல்லை. அதில் எழுத முடியாததை இங்கே எழுதிவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்குமோ என்னவோ.

அன்று நாற்பத்து நான்கு குப்பிகளில் தண்ணீர் பிடித்தோம். பிடித்தவுடன் ஒவ்வொரு குப்பியிலும் பாதரச விஷம் ஒரு சொட்டு விட்டு, ரப்பர் மூடியால் இறுக்க வேண்டும். விஷம் விழாவிட்டால் தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்கள் சாகாமல் குப்பிக்குள்ளேயே வாயுவைக் கூட்டும், குறைக்கும். நான்கு குப்பிகளுக்கு என் கையால் விட்டேன். மீதி நாற்பதுக்கு விட்டவன் என் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. லேப் டெக்னீஷியன் வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அளந்தபோது மீத்தேன் மலைக்க வைத்தது. கட்டுரை எழுதினேன். பெயர் பரவியது. பிறகு யாரோ சந்தேகப்பட்டு மீதித் தண்ணீரை மறுபடி அளக்க, அவன் நாற்பதிலும் அளவு வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனது. உள்ளே ஏதோ உயிரோடு இருந்தால்தானே ஏறும்? விசாரணை வைத்தார்கள். "டெக்னீஷியனின் கவனக்குறைவு" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவன் ஒப்பந்தத்தை நிறுவனம் புதுப்பிக்கவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றான். "சத்தியமா போட்டேன் அத்தான். எண்ணி எண்ணிப் போட்டேன்." போட்டிருந்தா இப்படி வருமா என்று கேட்டேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனான். அதன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. இதே ஊரில்தான் இருக்கிறான், குளிர்பதனக் கிடங்குகளுக்குக் கம்ப்ரஸர் பழுது பார்க்கிறான். யாராவது வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தால் அக்காவும் தம்பியும் ஓரமாக நின்று பேசுவார்கள். நான் கிட்டே போனால் அவன் எழுந்துவிடுவான்.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. என் நான்கு குப்பிகளின் தண்ணீர் முதல் அளவீட்டிலேயே தீர்ந்திருந்தது; அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவற்றிலும்தான் மீத்தேன் அதிகம். அவற்றில்தான் விஷம் விழுந்ததே! குட்டி குரைத்து நாய் தலையில் விடிந்தது. அந்த நான்கை நம்பித்தான் ஆறு வருடமாகக் கப்பல் கேட்டேன்.

அடங்கவில்லை. எழுத எழுத எரிகிறது.

ஜனவரி 30

கப்பல் சமையல்காரர் ஒரு பட்டியல் கேட்டிருக்கிறார்: யார் யாருக்குக் கடலில் வாந்தி வரும்? பதினான்கு பேரில் ஒருவருக்கும் வராதாம். பொய்யில்தான் எத்தனை ஒற்றுமை.

பிப்ரவரி 6

புது ரப்பர் மூடிகள் வருவதற்கு இன்னும் ஐந்து வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். கிடங்கைக் குடைந்ததில் அந்தப் பழைய பயணத்துக்கு வாங்கியதில் பிரிக்காத பெட்டி இரண்டு கிடைத்தன. நான் தேர்ந்தெடுத்து வாங்கிய மூடிகள். ரப்பர் இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது.

வாயுவை அளக்கும் கருவி எங்கள் ஆய்வாளரின் பொறுப்பு. முப்பத்திரண்டு வயதுப் பெண். எதை நீட்டினாலும் "பிளாங்க் போட்டீங்களா?" என்பாள், அதாவது கடல்நீர் இல்லாத வெறும் குப்பியை வைத்து ஒரு சோதனை. லேபில் அவளுக்குப் பிளாங்க்காரி என்றே பெயர்.

"நல்ல மூடிம்மா, நானே பாத்து வாங்கினது" என்றேன்.

"நம்பறேன் சார். அளந்துட்டு நம்பறேன்."

வாய் கொழுப்பு. ஆனால் வேலையில் கெட்டி.

பிப்ரவரி 16

அவள் குப்பிகளில் ஊற்றியது காய்ச்சி, வாயு நீக்கிய தண்ணீர். கடலின் ஒரு துளிகூட இல்லை. விஷமும் போட்டிருந்தாள். போன வாரமே கொஞ்சம் மீத்தேன் தெரிந்ததாம், தன் கை பிசகிவிட்டதோ என்று என்னிடம் சொல்லவில்லை. இன்று இரண்டு மடங்கு.

"தண்ணில ஒண்ணும் இல்ல சார். உயிரும் இல்ல. மூடியிலேர்ந்துதான் வருது. நாளாக நாளாக ஏறும்."

நாளாக நாளாக ஏறும்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கை கழுவுகிற தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அவள் பின்னாலேயே வந்து, "பழைய ரப்பர் சார், வயசாயிடுச்சு. அதனாலகூட இருக்கலாம்" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாள். எதற்கு ஆறுதல் என்று அவளுக்குத் தெரியாது.

ஆமாம். பதினேழு வருடத்தில் ரப்பர் கெட்டிருக்கும். அன்று புதிதுதானே? அன்று நன்றாகத்தான் இருந்திருக்கும்.

பிப்ரவரி 17

ரப்பர் கெட்டிருக்கும்.

பிப்ரவரி 19

பழைய அளவீட்டு நோட்டை எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம். ஒரு நாள் முழுக்க அலமாரியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

நாற்பத்து நான்குக்குக் கீழே இன்னும் இரண்டு வரி, மச்சினன் கையெழுத்தில். "வெறும் தண்ணீர், விஷத்துடன்." எதிரே மீத்தேன் அளவு. வெறும் தண்ணீரில் வரக்கூடாத அளவு. இரண்டையும் குறுக்கே அடித்து, பக்கத்தில் "தேவையற்றது" என்று எழுதியிருக்கிறது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

யாரும் சொல்லாமல் அவனாகவே பிளாங்க் போட்டுப் பார்த்திருக்கிறான். வந்து கேட்கவும் கேட்டான், இப்போது ஞாபகம் வருகிறது. "சார், வெறும் தண்ணியிலயும் வருதே. ரப்பரா இருக்குமோ?" வேலையிடத்தில் சார் என்றுதான் கூப்பிடுவான், உறவைக் காட்டமாட்டான். நான் என்ன சொன்னேன்? கழுவுற வேலைய ஒழுங்கா பாரு, ஆராய்ச்சிய நான் பாத்துக்கறேன்.

இதை எப்படி மறந்தேன்? மறந்தேனா? விசாரணையில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். மூடி வாங்கியது நான் என்பதால் சொல்லவில்லையா? அப்படித் திட்டம் போட்டு மறைத்திருந்தால்கூட ஒரு மரியாதை உண்டு. நான் நிஜமாகவே நம்பினேன். அவன் போடவில்லை என்று பதினேழு வருஷம் மனசார நம்பினேன்டா.

என் நான்கு குப்பிகளுக்கும் அதே மூடிதான்.

பிப்ரவரி 22

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். மூடி, வெறும் தண்ணீர், நோட்டு, எல்லாம். ஒரு போர்வையை நாலாக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அவன் பொய் சொல்றவன் இல்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னே."

"நீங்க ஆதாரம் கேட்டீங்க."

போர்வையை அடுக்கின் மேல் வைத்தாள்.

"இப்ப கிடைச்சிடுச்சு இல்ல? எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவன்கிட்ட சொல்லுங்க."

அழுவாள் என்று நினைத்திருந்தேன். கத்துவாள் என்றாவது. என் சட்டைகளைத் தனியாக அடுக்கி என் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 24

இயக்குநரிடம் போனேன். நோட்டை விரித்துக் காட்டினேன். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"இத இப்ப ஏன் சார் தோண்டறீங்க? கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பின கதையாயிடும். கப்பல் கிடைச்சிருக்கு. போயிட்டு வாங்க. அளவு கொறைச்சலா வந்தா, கொறைஞ்சிருக்குன்னு எழுதிட்டாப் போச்சு."

குறைந்திருக்கிறதாம். இல்லாததிலிருந்து குறைவது எப்படி?

வழி நன்றாகத்தான் இருக்கிறது. என் பன்னிரண்டு இடங்கள், என் பதினோரு நாள், கடைசியாக ஒரு தடவை மேல்தட்டில் நின்று அந்தத் தண்ணீரைப் பார்ப்பது. இனி இந்த வயதில் யார் எனக்குக் கப்பல் தரப்போகிறார்கள்?

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கக்கேடு. இவரிடம் போய் யோசிக்க அவகாசம் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 27

குழுவுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மூடி என் தேர்வு. சோதனை அளவை அடித்தது நான். டெக்னீஷியன் மீது நான் எழுதிய பக்கம் தவறு. விண்ணப்பத்துக்கு ஆதாரமாகக் காட்டிய நான்கு குப்பிகளும் செல்லாதவை. நோட்டின் நகலையும் வைத்தேன்.

மனசாட்சி என்று நாளைக்கு யாராவது சொல்லுவார்கள். பாதிதான் அது. மீதி, இயக்குநர் சொன்ன வழியில் நான் நடப்பதா என்ற வீம்பு. நல்லது செய்வதற்குக்கூட எனக்கு ஒரு பகை தேவைப்படுகிறது.

மார்ச் 1

போன் செய்தேன். எண் மனைவியின் கைபேசியில் இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

"யாருங்க?"

"நான்தான்."

அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடும் சத்தம். குரலை அடையாளம் கண்டுகொண்டான். "அக்காவுக்கு என்ன?" என்று கத்தினான். "என்ன ஆச்சு அக்காவுக்கு?"

நான் அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் செத்திருக்க வேண்டும். அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அவளுக்கு ஒன்றுமில்லை என்றேன். பிறகு சொன்னேன். காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன், இருந்தும் வரிசை மாறிவிட்டது. நீ விஷம் போட்டாய், ரப்பர்தான், நீ அன்றே சொன்னாய், நான்தான் அடித்தேன், குழுவுக்கு எழுதிவிட்டேன். மன்னிப்பு என்ற சொல் காகிதத்தின் கடைசியில் இருந்தது. அங்கே போவதற்குள் அவன் கம்ப்ரஸரை நிறுத்தியிருந்தான். அந்த நிசப்தத்தில் அதைச் சொல்ல வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்பா" என்று மட்டும் வந்தது.

"அக்காகிட்ட குடுங்க" என்றான்.

கொடுத்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒரு தடவை அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இந்த வீட்டில் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

மார்ச் 13

குழுவின் பதில். பதினோரு நாள் ஆறாகிறது. பன்னிரண்டு இடம் எட்டாகிறது. தலைமை, ஆய்வாளருக்கு. எனக்குப் படுக்கை இல்லை. சேற்றுக்காரர்கள் கேட்ட நான்காவது படுக்கை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

ஆய்வாளர் வந்து மேசையருகே நின்றாள். "நான் வேணாம்னு சொல்லிடட்டுமா சார்?"

"பைத்தியமா உனக்கு? போ. மூணாவது இடத்துல மீன்வலை நிறைய கிடக்கும். விடிஞ்சப்புறம் கருவிய இறக்கு."

குறித்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "நோட்டு நகலைப் பாத்தேன். அந்த பிளாங்க் போட்டவர் யாரு சார்? அந்தக் காலத்துலயே போட்டிருக்காரே" என்றாள்.

என் மச்சினன் என்றேன். இந்த லேபில் அந்த உறவை நான் சொல்வது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 4

கப்பல் காலையில் கிளம்பியது. துறைமுகத்துக்கு நான் போகவில்லை. மனைவியும் காலையில்தான் கிளம்பினாள், தம்பி வீட்டுக்கு. பத்து நாள் இருந்துவிட்டு வருவாளாம். ஆட்டோ வந்ததும் பெட்டியைத் தூக்கப் போனேன். "கனமில்ல, விடுங்க" என்றாள்.

ஏப்ரல் 8

ஆய்வாளரிடமிருந்து செய்தி. ஐந்து இடம் முடிந்தது. மீத்தேன் சாதாரண அளவு, எந்த ஆற்றுமுகத்திலும் இருக்கிற அளவுதான். அந்தக் கடலில் விசேஷமாக ஒன்றும் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

ஏப்ரல் 9

மதியம் மச்சினன் கூப்பிட்டான். சாரும் இல்லை, அத்தானும் இல்லை. "அக்கா அஞ்சு நாளுக்குத்தான் பிரஷர் மாத்திரை எடுத்துட்டு வந்திருக்காங்க, மீதி அங்கேயே இருக்காம். இங்க கடையில அந்த கம்பெனி கிடைக்கல. வெள்ளை டப்பாவாம், கண்ணாடிப் பக்கத்துல."

இருந்தது. "எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன். கேட்கும்போதே சட்டையை மாட்டத் தொடங்கிவிட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "வேணாம். கூரியர்ல போட்டுடுங்க. நாளைக்குக் காலையில கிடைச்சாப் போதும்."

முகவரியைச் சொன்னான். எழுதிக்கொண்டேன்.

கூரியர் கடைப் பெண் உறையைத் திருப்பிப் பார்த்தாள். "மருந்தா சார்? வாங்கறவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சினன்."

"இந்த முகவரி நம்ம ஊர்தானே? பஸ்ல நாப்பது நிமிஷம். நேர்லயே குடுத்துட்டு வந்துடலாமே சார்?"

"குடுக்கலாம்தான்" என்றேன்.

அவள் எடை போட்டு வாங்கிக்கொண்டாள்.