முக்கால்வாசி கழுத்து

மார்ச் 4

தங்கையின் வலக்கண்ணுக்கு அறுவை சிகிச்சையாம். பன்னிரண்டாம் தேதி. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தின் வடிவம் ஆறு மாதத்தில் மாறிவிட்டது, விட்டுவைத்தால் பார்வை போகும் என்றாராம் டாக்டர். ஐம்பத்தெட்டு வயதிலும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கண் போனால் என்ன செய்வாள்?

ஸ்கேன் படங்கள் இரண்டையும் மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கண் மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் விழித்திரையைப் படமெடுத்தவன் நான். பழையதில் நரம்பின் வட்டம் சீராக இருக்கிறது. புதியதில் காதுப் பக்க விளிம்பு பின்னால் இழுபட்டிருக்கிறது. இது நோயா? எனக்குச் சந்தேகம்.

மார்ச் 5

காலையில் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கேன் அன்னைக்கும் வலி இருந்துச்சா?"

"அன்னைக்குத்தான் உச்சம். முகத்தை வலப்பக்கம் திருப்பி வச்சாத்தான் உக்காரவே முடிஞ்சுது. மெஷின் பொண்ணும், பரவாயில்ல, எதிர்ல இருக்குற விளக்க மட்டும் பாருங்கன்னுடுச்சு."

அகப்பட்டது! முகம் வலப்பக்கம், விளக்கு எதிரே. அப்படியானால் வலக்கண் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும். கண்ணுக்குப் பின்னால் நரம்பில் கொஞ்சம் தொய்வு உண்டு. கண் மூக்கை நோக்கி அதிகம் திரும்பினால் அந்தத் தொய்வு தீர்ந்து, நரம்பு விறைத்து, கண்ணின் பின்சுவரைப் பிடித்து இழுக்கும். கண் நேரானால் சுவரும் பழையபடி ஆகிவிடும்.

இருபது வருடத்துக்கு முன் பெரிய டாக்டரிடம் இதையேதான் படத்தோடு போய்ச் சொன்னேன். "கேமராவ ஆட்டிட்டு கதை விடுறியா?" என்றார், எல்லோர் முன்னும். பட்டம் இல்லாதவன் சொன்னால் கேமரா ஆடியிருக்கும். பட்டம் உள்ளவன் சொன்னால் கண்டுபிடிப்பு.

மார்ச் 7

சண்டை.

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்."

"பிரேக்கே இல்லாத வண்டி நீ. இது என் கண்ணு. நீ சொல்றது தப்புன்னா?"

தப்பில்லை. தப்பாக இருந்தால் — இல்லை, தப்பில்லை.

மார்ச் 9

போனோம். டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "கழுத்த நேரா வச்சு ஒண்ணு, அன்னைக்கு மாதிரி திருப்பி வச்சு ஒண்ணு எடுங்க. நான் சொல்றது தப்புன்னா பன்னெண்டாம் தேதி நானே கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

"சார், வெளியில நாப்பது பேர் காத்திருக்காங்க."

"அதுல எத்தனை பேருக்குக் கழுத்து வலின்னு கேட்டீங்களா?"

தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டாக்டர் சிரித்துவிட்டார். எடுத்தார்கள்.

திருப்பி எடுத்ததில் அதே இழுப்பு. நேராக எடுத்ததில் வட்டம். டாக்டர் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"முக்கால்வாசி கழுத்துதான் சார், ஒத்துக்கறேன். ஆனா கால்வாசி நிஜம். கீழ்விளிம்பப் பாருங்க."

பார்த்தேன். நேராக எடுத்த படத்திலும் மெலிந்திருந்தது. நான்காம் தேதியே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இழுபட்ட பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டர் நோயே இல்லை என்று சொல்லியிருந்தால், சந்தோஷமாக வீட்டுக்கு அழைத்து வந்திருப்பேன்.

இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார். தினமும் சொட்டு மருந்து, மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன்.

மார்ச் 10

நான் சொன்னது சரி. முக்கால்வாசி சரி.

ஜூன் 11

ஸ்கேன் முடிந்து டாக்டர் படத்தை என்னிடம் நீட்டினார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

முதலில் கீழ்விளிம்பைப் பார்த்தேன். மேற்கொண்டு மெலியவில்லை. அதன் பிறகுதான் மற்றது.

வீட்டுக்கு அவளேதான் ஓட்டினாள். நான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தேன், இரண்டு சிக்னல் வரைக்கும்.