முன் சீட்டில் போன பை

அம்மா,

இன்று காலை புது மிளகாய் மூட்டையைப் பிரித்தேன். நெடி ஏறி அடுக்காகத் தும்மிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், என் கை தானாக ஒரு மிளகாயை எடுத்துக் காதோரம் குலுக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே விதை கலகலவென்று உருண்டால் நன்றாகக் காய்ந்த மிளகாய், சத்தமில்லையென்றால் நமுத்தது. என் மாமனார் காலத்திலிருந்து ஏற்காட்டில் நடக்கும் இந்த மளிகைக் கடையில், மிளகாயைக் காதால் கேட்டு வாங்கிய ஒரே ஆள் நீங்கள்தான். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்ததால் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருந்தும் எழுதுகிறேன். நேரில் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லாதவளுக்கு வேறு வழி கிடையாது.

புதன்கிழமை என்றால் உங்கள் ஊர் மஞ்சக்குட்டையிலிருந்து வரும் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு உங்களுடையது. வேறு யாராவது ஏறி உட்கார்ந்துவிட்டால், இறங்கும்வரை அவர்கள் குலம் கோத்திரமெல்லாம் விசாரித்து ஒரு வழி பண்ணிவிடுவீர்கள் என்று ஜீப்காரத் தம்பி சொல்லுவான். தலை நரைத்துவிட்டது, இருந்தாலும் எனக்கு அவன் தம்பிதான். நீங்கள் வெறுங்கையோடு வந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்துக் கொய்யா, சௌசௌ, சில சமயம் காகிதத்தில் மடித்த மிளகு. அதை மேசைமேல் வைத்துவிட்டு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தால், அடுத்த ஜீப் கிளம்பும்வரை எழ மாட்டீர்கள். நாகலூர் எஸ்டேட்டில் யாருக்குக் கல்யாணம், வாழவந்தியில் எந்த வீட்டில் சண்டை, எல்லாம் என் கடையில்தான் உங்கள் காதுக்கு வந்து சேரும்.

"கடைய வெலைக்கு வாங்கப் போறீங்களாங்கம்மா? இந்தப் பார்வ பாக்கறீங்க" என்பேன்.

"விக்கறப்ப சொல்லு கண்ணு. மொளகு வித்து வாங்கிக்கறேன். உன்னையும் வேலைக்கு வெச்சுக்கறேன்" என்பீர்கள்.

எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதி நாள் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கால் படி பருப்பு வாங்க மூன்று மூட்டையைக் கிளறுவீர்கள். நீங்கள் இறங்கிப் போனபின் சிந்தியதைக் கூட்டுவது நான்தானே.

பிறகு நீங்கள் வாசற்படியில் வழுக்கி விழுந்தீர்கள். எலும்பு முறியவில்லை, ஆனால் திருப்பூரில் இருக்கும் உங்கள் மகள் அரண்டுவிட்டாள். அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அம்மாவ இனிமே ஜீப் ஏற உடக் கூடாதுங்க. நானும் பக்கத்துல இல்ல. வேண்டியத நான் போன்ல சொல்லிடறேன், நீங்க பை கட்டி ஜீப்ல குடுத்து உட்டுருங்க. உங்களத்தான் மலபோல நம்பியிருக்கேன்."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்து உட்கார அவளால் முடியாது. உங்களைத் திருப்பூருக்கு அழைத்தால் நீங்கள் போக மாட்டீர்கள். தூரத்தில் தாயை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குக் கடைக்காரி செய்யக்கூடிய உதவி இது என்று நினைத்தேன். இப்போதும் அது உதவியில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை பேச்சும் எனக்கும் அவளுக்கும் நடந்ததே தவிர, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அடுத்த புதன்கிழமை, உங்கள் சீட்டில் உங்கள் பை உட்கார்ந்து போனது. பின்னால் வைத்தால் மிதிபடும் என்று நானே முன் சீட்டில் வைக்கச் சொன்னேன்.

விஷயம் பரவியது. சென்னையிலும் பெங்களூரிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து வரிசையாகப் போன் வந்தது. பஸ்ஸிலும் ஜீப்பிலும் என் கடைப் பைகள் மலை முழுக்கப் போயின. வியாபாரிகள் கூட்டத்தில் மைக் வைத்து, "பெரியவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்கும் ஒரு கடை எப்படித் துணையா இருக்கணும்னு இந்தம்மாவப் பாத்துக் கத்துக்கணும்" என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். தலை கால் புரியவில்லை எனக்கு. அந்தப் போட்டோவை உங்கள் மகளுக்குக்கூட அனுப்பினேன்.

ரமலான் வந்தது. வருஷாவருஷம் தூக்குப்போசியோடு வந்து எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி வாங்கிப் போவீர்களே, அந்த வருஷம் கஞ்சி போகவில்லை. ஜீப்பில் சிந்திவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மூடி போட்ட பாத்திரம் என் வீட்டில் இல்லாமலா போயிற்று?

ஒரு புதன்கிழமை கடையில் நல்ல கூட்டம். யாரோ விலகினார்கள், நீங்கள் நிற்கிறீர்கள். கையில் கோல், மடியில் கொய்யா.

"ஏனுங்கம்மா, நீங்க எதுக்கு வந்தீங்க? அதான் பை அனுப்பறேன்ல?"

"மொளகா பாத்து எடுக்கலாம்னு வந்தேன் கண்ணு. போன தடவ வந்தது நமுத்துக் கெடந்துச்சு."

"ஜீப்காரத் தம்பிகிட்டச் சொன்னா மாத்தித் தர மாட்டேனா? வழியில விழுந்து வெச்சா உங்க மக என்னையத்தானுங்க கேக்கும்?"

"விழலியே கண்ணு. பத்திரமாத்தான வந்து சேந்தேன்."

நீங்கள் உட்காரும் எண்ணெய் டின்மேல் அன்று அனுப்ப வேண்டிய பைகளை அடுக்கியிருந்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். நகர்த்தி வைக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? நானோ வெளியே எட்டி, ஜீப்பைக் கிளப்பப் போன தம்பியைக் கூப்பிட்டு, இதே ட்ரிப்பில் உங்களைத் திருப்பிக் கூட்டிப்போகச் சொன்னேன். "செரி கண்ணு, நீ வேலையப் பாரு" என்று கொய்யாவை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினீர்கள். மூட்டையில் கை வைக்கவேயில்லை. அன்று சாயங்காலம் உங்கள் மகளிடம், "கவலப்படாதீங்க, உடனே திருப்பி அனுப்பிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னவள் நான்தான்.

அதன் பிறகு நீங்கள் வரவில்லை. மார்கழிக் குளிரில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். துக்கத்துக்கு நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்கள் மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்ததாலதானுங்க அக்கா நான் நிம்மதியா இருந்தேன்" என்று அழுதாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வேலியோரம் ஒதுங்கி நின்றேன். ஜீப்காரத் தம்பி பக்கத்தில் வந்தான்.

"பையக் குடுத்தா பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க அக்கா. 'கடையில அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு'ன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

"நான் ஒன்னும் சொல்லி அனுப்பலையே தம்பி."

"அதானுங்க. நானா எதாச்சும் சொல்லிக்குவேன். கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டாங்க, குளுருக்குச் சொட்டர் போடச் சொன்னாங்கன்னு. நொம்ப சந்தோசப்படுவாங்க."

அரிசி, பருப்பு, சோப்பு எதுவும் குறையாமல் பார்த்துப் பார்த்துக் கட்டியவள், ஒரு வார்த்தை சேர்த்துக் கட்டவில்லை. அதை அந்தத் தம்பிதான் தன் கையிலிருந்து போட்டு அனுப்பியிருக்கிறான்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். புதன்கிழமைகளில் கடைக்கு வர ஆசைப்படும் பெரியவர்களை ஜீப்காரத் தம்பி கைப்பிடித்து ஏற்றி இறக்குகிறான். கை வைத்த நாற்காலிகள் வாங்கிப் போட்டிருக்கிறேன். வந்து இறங்கியதும், திரும்ப ஏறியதும் பிள்ளைகளுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன். முதலில் சண்டை பிடித்தார்கள், இப்போது சண்டையில்லை. நடக்கவே முடியாதவர்களுக்கு மட்டும் பை. அதிலும் என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்கிறேன். பொன்னாடை போர்த்திய அதே கூட்டத்தில் மறுபடி பேசக் கூப்பிட்டார்கள். "புள்ளைங்கள மட்டும் கேட்டுட்டு அனுப்பாதீங்க, பெரியவங்களயும் ஒரு வார்த்த கேளுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

போன வாரம் கடை முன்னால் ஒரு பெரியவரை இறக்கிவிட்டு, தம்பி தயங்கித் தயங்கி நின்றான்.

"அக்கா, அந்தம்மாகிட்டக் கடைசி வாரம் ஒரு பொய் சொல்லிட்டேனுங்க. உங்ககிட்டச் சொல்ல மனசு வரல."

"என்ன சொன்ன?"

"எப்பவும்போலக் கேட்டாங்க. எல்லாம் சொல்லித் தீந்துபோச்சு, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. 'அடுத்த வாரம் உங்களக் கடைக்கு வரச் சொன்னாங்க'ன்னுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'நெசமா சொல்லுச்சா, நெசமா சொல்லுச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்பறம், 'நான் வர்றேன்னு சொல்லிரு சாமி'ன்னாங்க."

அந்தப் புதன்கிழமை வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

நான் கூப்பிட்டேன் என்ற நம்பிக்கையோடு போனீர்களே என்று இதில் ஆறுதல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. 'வாங்கம்மா' என்பது அத்தனை லேசான வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு எத்தனையோ புதன்கிழமைகள் இருந்தன. நான் கூப்பிடவே இல்லை, அம்மா. நீங்கள் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியது மட்டும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.